ஃபேர் பிளான் சர்சார்ஜ்: நான் வாங்காத பாலிசிக்கு என் பில்லில் எதற்குக் கட்டணம்?

பாலாற்றங்கரை (ஃப்ரீமாண்ட்) | சனி, காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு இன்சூரன்ஸ் ரின்யூவல் நேற்று தபாலில் வந்தது. ப்ரீமியம் ஏறியிருக்கும் என்று தெரிந்துதான் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில், மொத்தத் தொகைக்கு நேர் மேலே, ஃபேர் பிளான் தற்காலிகக் கூடுதல் கட்டணம் என்று 31 டாலர் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

தொகை பெரிதில்லை. ஆனால் ஃபேர் பிளான் என்பது வேறு எங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்கானது, எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பதினோரு வருடமாக வேறொரு கம்பெனியில் பாலிசி, ஒரு க்ளெயிம்கூடப் போட்டதில்லை. வீடு சமவெளியில் இருக்கிறது. சுற்றிலும் தார் ரோடு, தெருமுனையில் ஃபயர் ஸ்டேஷன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். கலிஃபோர்னியாவில் வீட்டு இன்சூரன்ஸ் விற்கும் எல்லாக் கம்பெனியும் ஃபேர் பிளானில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும், அது சட்டம், அங்கே எங்களிடம் வசூலித்ததில் பாதியை வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ள அனுமதி இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

ஒரு தனியார் கம்பெனியைப் பிடித்து, நீ இந்தச் சங்கத்தில் சேர், அதன் நஷ்டத்திலும் பங்கு கொடு என்று அரசு சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தேரிக்காடு (இர்வைன்) | சனி, காலை 9:05

எனக்கும் வந்தது, 22 டாலர். வீட்டுக் கடன் தவணையோடு எஸ்க்ரோ கணக்கில் தானாகப் போய்விடுவதால் நான் கவனிக்கவே இல்லை, என் மனைவிதான் கண்டுபிடித்தார். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சேர்வராயன் (சாக்ரமெண்டோ) | சனி, காலை 10:31

பாலாற்றங்கரை சார், நான் இங்கே பத்தொன்பது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். இந்தக் கேள்வியை இந்த வருடம் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் பெரிய கலவரம். 1967இல் நியூவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் நடந்தது. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் அந்த மாதிரிப் பகுதிகளை மேப்பில் கோடு போட்டு ஒதுக்கிவிட்டன. இன்சூரன்ஸ் இல்லை என்றால் பேங்க் கடன் தராது, கடன் இல்லை என்றால் கடையும் வீடும் கைமாறாது, ஒரு பகுதியே செத்துப்போகும். 1968இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. எந்த மாநிலம் இப்படி ஒதுக்கப்பட்ட சொத்துகளுக்கு ஒரு பொது ஏற்பாடு செய்கிறதோ, அங்குள்ள கம்பெனிகளுக்குக் கலவர நஷ்டத்துக்கு மறுகாப்பீடு, அதாவது கம்பெனிகளுக்கே ஒரு காப்பீடு, தருகிறோம் என்றது. அந்த வருடமே கலிஃபோர்னியாவும் சட்டம் இயற்றி ஃபேர் பிளான் அசோசியேஷனைத் தொடங்கியது. இங்கே கலவரத்தோடு அறுபதுகளின் காட்டுத்தீயும் ஒரு காரணம்.

இது அரசுத் துறை என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வரிப்பணம் ஒரு காசு கிடையாது. மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிச் சொத்துக் காப்பீடு விற்கும் எல்லாக் கம்பெனியும் சேர்ந்ததுதான் அது. வேறு எங்கும் பாலிசி கிடைக்காதவருக்கு அது பாலிசி தரும். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அவரவர் மார்க்கெட் பங்கின்படி பிரித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் உங்கள் 31 டாலர் கதை. 2025 ஜனவரி 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீக்கள் கிளம்பின. ஃபேர் பிளானுக்கு மட்டும் சுமார் 4 பில்லியன் டாலர் நஷ்டம் என்று கணக்கிட்டார்கள். கையிருப்பும் மறுகாப்பீடும் போதவில்லை. பிப்ரவரி 11ஆம் தேதி உறுப்பினர் கம்பெனிகளிடம் 1 பில்லியன் வசூலிக்க இன்சூரன்ஸ் கமிஷனர் ரிக்கார்டோ லாரா ஒப்புதல் கொடுத்தார். 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துக்குப் பிறகு இதுதான் முதல் அசெஸ்மென்ட், அதாவது உறுப்பினர்களிடம் இப்படி வசூலிப்பது. மார்க்கெட்டில் பத்து சதவீதம் வைத்திருக்கும் கம்பெனி 100 மில்லியன் கட்ட வேண்டும். அதில் பாதியை, கமிஷனரிடம் அனுமதி வாங்கி, தன் வாடிக்கையாளர்களிடம் பிரித்து வாங்கலாம். உங்கள் மூன்றாம் பக்கத்தில் இருப்பது அதுதான்.

பாலாற்றங்கரை | சனி, காலை 11:20

மிக்க நன்றி சார். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. கட்டாயம் என்றால் கம்பெனிகள் என்ன செய்யும்? கடையைச் சாத்திக்கொண்டு போகும். 2022இல் ஆல்ஸ்டேட் கம்பெனி இங்கே புதுப் பாலிசியை நிறுத்தியது, 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்மும் நிறுத்தியது. 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 103ஆம் பிரபோசிஷன் சட்டத்தால் ரேட்டை ஏற்றவும் முன் அனுமதி வேண்டும். விலையும் நம் கையில் இல்லை, அடுத்தவன் நஷ்டத்திலும் பங்கு என்றால் எந்த வியாபாரி நிற்பான்? என் அப்பா வேலூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை நஷ்டத்தில் நீயும் பாதி போடு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா?

வைகை (சான் ஹோசே) | சனி, பகல் 12:48

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கட்டாய உறுப்பினர் முறை செல்லுமா என்ற கேள்வி எழுபது வருடத்துக்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, அதுவும் கலிஃபோர்னியாவிலிருந்தே. வீட்டுக்கு அல்ல, காருக்கு. எந்தக் கம்பெனியும் ஏற்காத ஓட்டுநர்களை எல்லாக் கம்பெனிகளும் பங்கு போட்டு ஏற்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டிருந்தது. ஒரு கம்பெனி கையெழுத்துப் போட மாட்டேன் என்றது. அன்றைய இன்சூரன்ஸ் கமிஷனர் மலோனி அதன் அனுமதியை நிறுத்திவைத்தார். கம்பெனி வழக்குப் போட்டது. 1951இல் தீர்ப்பு வந்தது, நீதிபதி டக்ளஸ் எழுதியது. சட்டம் செல்லும், மாநிலத்தில் தொழில் செய்ய வருபவர் மீது பொதுநலனுக்காக இந்தச் சுமையைப் போடலாம் என்றார்கள்.

மளிகைக் கடை உதாரணம் இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் தானாக நஷ்டப்பட்டவர். ஃபேர் பிளான் வாசலில் நிற்பவரோ எல்லாக் கடையும் சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆள்.

மலைச்சாரல் (பிளாசர்வில் அருகே) | சனி, மாலை 4:15

பாலாற்றங்கரை அண்ணா, அந்த வாசலில் நிற்கும் ஆள் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில். 2011இல் வாங்கினோம். சென்ற வருடம் ஒரு கனமான கவர் வந்தது. ரின்யூ செய்ய மாட்டோம் என்றால் 75 நாளைக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். சரியாக 75 நாள் கொடுத்திருந்தார்கள். கூடவே மேலிருந்து எடுத்த எங்கள் வீட்டுப் படம். கூரையின் வடமேற்கு மூலையில் பைன் மரக்கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி வட்டம். கிளையை மறுநாளே வெட்டிப் படம் எடுத்து அனுப்பினோம். எங்கள் கணிப்பில் அந்தப் பகுதியின் அபாய மதிப்பெண்ணே அதிகம், கிளையால் மாறாது என்று பதில் வந்தது. அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

ஒன்பது கம்பெனிகளைக் கேட்டேன். சிலவற்றில் ஜிப் கோடு சொன்னதுமே பேச்சு முடிந்தது. நடுவில் மார்ட்கேஜ் பேங்க்கிலிருந்து கடிதம்: இன்சூரன்ஸ் இல்லை என்றால் நாங்களே ஒன்றைப் போட்டு உங்கள் கணக்கில் சேர்ப்போம். அது வீட்டின் மேலிருக்கும் கடனைத்தான் காப்பாற்றும், எங்கள் சாமான்களை அல்ல. இரவில் தூக்கம் வராமல் எழுந்து, பிள்ளைகள் படுத்திருந்த அறை வாசலில் நின்றது நினைவிருக்கிறது.

கடைசியில் ஃபேர் பிளான். அது தீ, மின்னல், புகை மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும். திருட்டு, குழாய் உடைந்து தண்ணீர், யாராவது நம் வீட்டில் விழுந்து கேஸ் போட்டால், இதெல்லாம் கிடையாது. அதற்கு இன்னொரு பாலிசி தனியாக வாங்க வேண்டும், டிஃபரன்ஸ் இன் கண்டிஷன்ஸ் என்பார்கள். புதிதாகக் கட்டும் செலவு வேண்டும் என்றால் அதற்கும் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்மானம் போகத்தான் தருவார்கள். முன்பு 1,900 டாலர் இருந்தது, இரண்டு பாலிசியும் சேர்த்து 6,400 ஆயிற்று. இது ஓசிச் சாப்பாடு இல்லை அண்ணா. நான் கட்டும் பணம் உங்கள் சர்சார்ஜைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

உறுப்பினராவது கட்டாயம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி தானாக வந்து சேரும்? தனியாகக் கேட்டபோது ஒன்பதும் இல்லை என்றன. சேர்ந்து சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் சரி என்றன.

தேரிக்காடு | சனி, மாலை 5:02

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என் 22 டாலரைப் பற்றி இனி பேச மாட்டேன்.

மலைச்சாரல் | சனி, மாலை 5:30

பேச வேண்டும் தம்பி. அந்த 22 டாலர் கம்பெனி கட்ட வேண்டியதா, நீ கட்ட வேண்டியதா என்பது நியாயமான கேள்வி. என் வீட்டுக்குப் பாலிசி கிடைக்க வேண்டும் என்பதும் அந்தக் கேள்வியும் வேறு வேறு.

கொள்ளிடம் (பேர்லண்ட், டெக்சஸ்) | சனி, இரவு 7:44

டெக்சஸிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே காட்டுத்தீக்குப் பதில் புயல். 1970 ஆகஸ்டில் சீலியா புயல் கார்ப்பஸ் கிறிஸ்டியை அடித்த பிறகு கடற்கரையோரம் காற்றுக்கு யாரும் காப்பீடு தரவில்லை. 1971இல் சட்டமன்றம் ஒரு சங்கத்தை உருவாக்கியது. இன்று அதன் பெயர் டெக்சஸ் விண்ட்ஸ்டார்ம் இன்சூரன்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ட்வியா. அது இருப்பது 14 கடலோரக் கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி), ஹாரிஸ் கவுண்டியில் ஒரு பகுதி. நம்மவர்கள் நிறைய இருக்கும் பிரசோரியா கவுண்டியும் அதில் அடக்கம். காற்றும் ஆலங்கட்டியும் மட்டும்தான். வீடு காற்றுக் கட்டுமான விதிப்படி கட்டப்பட்டதற்கு டபிள்யூபிஐ-8 சான்றிதழ் வேண்டும். நான் வீடு வாங்கும்போது பழைய உரிமையாளர் அந்த ஒரு தாளைத் தேடி மூன்று நாள் கராஜைக் கிளறினார்.

இங்கேயும் மாநிலத்தில் சொத்துக் காப்பீடு விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் உறுப்பினர். சேரவில்லை என்றால் தொழில் செய்ய முடியாது. டல்லஸில் மட்டும் விற்கிறேன், கடலையே பார்த்ததில்லை என்றாலும் விடமாட்டார்கள்.

உங்களுக்குப் பயன்படும் விஷயம் இதுதான்: முன்பு இங்கே கம்பெனிகள் கட்டிய அசெஸ்மென்ட்டை மாநிலத்துக்குக் கட்டும் ப்ரீமியம் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதாவது கடைசியில் சுமை மாநிலக் கஜானாவின் தலையில். 2008இல் ஐக் புயல் வந்து கால்வெஸ்டனைப் புரட்டிப் போட்டதும் 430 மில்லியன் டாலர் வசூலித்தார்கள், அதில் 230 மில்லியன் வரிக்கழிவுக்குத் தகுதியானது. 2009இல் சட்டமன்றம் அதை மாற்றியது. அந்த மாற்றத்தின்படி உறுப்பினர் கட்டும் அசெஸ்மென்ட்டைப் பாலிசிதாரரிடம் சர்சார்ஜாகவும் வாங்க முடியாது, வரியிலும் கழிக்க முடியாது. கம்பெனி தன் பையிலிருந்துதான் போட வேண்டும்.

பாலாற்றங்கரை | சனி, இரவு 8:20

இது எனக்குப் புதிது. டெக்சஸில் முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

மலைச்சாரல் அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஃபேர் பிளானில் இருப்பவர்கள் சும்மா சலுகை வாங்குகிறார்கள் என்று நான் நினைத்தது தப்பு. மன்னியுங்கள்.

நொய்யல் (சான் ரமோன்) | சனி, இரவு 9:10

இடையில் ஒரு சந்தேகம். நம் கம்பெனியே திவாலானால் க்ளெயிம் கொடுப்பதும் இந்தச் சங்கம்தானா?

சேர்வராயன் | ஞாயிறு, காலை 7:55

இல்லை, அது வேறு. கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் கியாரண்டி அசோசியேஷன், 1969இல் வந்தது. அதிலும் உறுப்பினராவது கட்டாயம்தான். 2018 நவம்பர் 8ஆம் தேதி கேம்ப் தீயில் பாரடைஸ் ஊரே எரிந்தது, 85 பேர் இறந்தார்கள். மெர்செட் என்ற ஊரில் ஒரு சின்னக் கம்பெனி, மெர்செட் பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டி. அதன் சொத்து 23 மில்லியன், பாரடைஸில் மட்டும் கொடுக்க வேண்டியது 64 மில்லியன். சில வாரங்களில் மாநிலம் அதைக் கையில் எடுத்து மூடியது. அதன் வாடிக்கையாளர்களின் க்ளெயிம்களை இந்தக் கியாரண்டி சங்கம் ஏற்றது. வீட்டையும் இழந்து, இன்சூரன்ஸ் கம்பெனியையும் ஒரே மாதத்தில் இழந்தவர்களுக்குக் கடைசியாக நின்றது கட்டாய உறுப்பினர் சங்கம்தான்.

இப்போது பாலாற்றங்கரை சார் கேட்டதற்கு வருகிறேன். இது என் சொந்தக் கருத்து, தொழிலில் இருக்கும் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கட்டாய உறுப்பினர் முறை இருக்கத்தான் வேண்டும். லாபமுள்ள ஃப்ரீமாண்ட்டையும் இர்வைனையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு மலையடிவாரத்தை விட்டுவிட முடியாதபடி செய்வது அது ஒன்றுதான். ஆனால் அந்தக் கட்டாயத்துக்குப் பல் இருக்க வேண்டும். ஒரு கம்பெனி பிளாசர்வில்லில் நூறு வீட்டைக் கழித்துவிட்டால் அவை ஃபேர் பிளானுக்குப் போகின்றன. அங்கே தீப்பிடித்தால் அதே கம்பெனி மாநிலம் முழுவதுக்குமான தன் பங்கின்படி கட்ட வேண்டும். கழித்துவிட்டாலும் தப்ப முடியாது என்ற பயம்தான் அந்த நூறு வீட்டில் அறுபதையாவது வைத்துக்கொள்ளச் செய்யும். பாதியை அடுத்தவர் தலையில் இறக்கலாம் என்று சொன்னதும் அந்தப் பயம் பாதியாகிவிடுகிறது. போதாததற்கு, பங்கைக் கணக்கிடுவது இரண்டு வருடத்துக்கு முந்தைய ப்ரீமியத்தை வைத்து. இன்று சுருங்கும் கம்பெனிக்கு அதன் விளைவு பிறகுதான் தெரியும்.

2024 செப்டம்பரில் ஃபேர் பிளானில் சுமார் நாலரை லட்சம் பாலிசிகள், 2020இல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்போது அது காப்பீடு கொடுத்திருந்த சொத்து மதிப்பு 458 பில்லியன் டாலர். கடைசிப் புகலிடம் என்று வைத்தது, பல ஜிப் கோடுகளில் முதல் வாசலாகிவிட்டது.

இன்னொன்று. சங்கத்தை நடத்தும் குழுவில் ஓட்டுரிமை இருப்பது உறுப்பினர் கம்பெனிகளிடம். பாலிசிதாரருக்கு ஓட்டு இல்லை. புகையால் வந்த சேதத்துக்கு ஃபேர் பிளான் வைத்திருந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் சொன்னது. பணம் போடுபவர்கள்தான் எவ்வளவு கொடுப்பது என்றும் முடிவு செய்கிறார்கள் என்றால் இப்படித்தான் ஆகும். எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

வைகை | ஞாயிறு, காலை 9:26

சர்சார்ஜ் விஷயத்தில் வழக்கும் இருக்கிறது. கன்ஸ்யூமர் வாட்ச்டாக் என்ற நுகர்வோர் அமைப்பு 2025 ஏப்ரலில் கமிஷனர் மீது போட்டது. இப்படிப் பாலிசிதாரரிடம் தள்ளக் கமிஷனருக்குச் சட்டத்தில் அதிகாரமே இல்லை என்பது அவர்கள் வாதம்.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாதியைக்கூட வாங்க முடியாது என்றால் சில கம்பெனிகள் மாநிலத்தையே விட்டுப் போகும் என்று கமிஷனர் தரப்பு சொல்வதை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். 2023 செப்டம்பரில் அவர் அறிவித்த திட்டத்தில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஒரு கம்பெனி வருங்காலத் தீ அபாயத்தை மாடல் போட்டுக் கணக்கிட்டு ரேட் கேட்கலாம், பதிலுக்கு மாநிலம் முழுக்கத் தனக்குள்ள மார்க்கெட் பங்கில் 85 சதவீத அளவுக்காவது அபாயப் பகுதிகளிலும் பாலிசி எழுத வேண்டும்.

கொள்ளிடம் | ஞாயிறு, காலை 10:03

இங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள் வைகை சார். சர்சார்ஜ் போட முடியாது என்றால் கம்பெனி அடுத்த வருட ரேட்டில் எப்படியும் கொஞ்சம் சேர்த்துவிடும் என்று என் ஏஜென்ட் சொல்கிறார். ஆனால் ரேட்டை ஏற்றினால் போட்டிக் கம்பெனியிடம் ஆள் போய்விடும் என்ற கட்டுப்பாடாவது இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் போடும் சர்சார்ஜுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

தேரிக்காடு | ஞாயிறு, காலை 11:40

சேர்வராயன் சார், என் மாமா ஜூலியன் பக்கம் வீடு வைத்திருக்கிறார். அவருக்கு ஒருவர் சர்ப்ளஸ் லைன்ஸ் பாலிசி காட்டுகிறார். அதில் ஃபேர் பிளான் சர்சார்ஜ் கிடையாதாம். வாங்கலாமா?

சேர்வராயன் | ஞாயிறு, பகல் 12:15

சர்சார்ஜ் இல்லாததற்குக் காரணம், அந்தக் கம்பெனிகள் இங்கே லைசென்ஸ் பெற்ற உறுப்பினர்கள் இல்லை. ஃபேர் பிளானிலும் இல்லை, கியாரண்டி சங்கத்திலும் இல்லை. கம்பெனி கவிழ்ந்தால் மெர்செட் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது உங்கள் மாமாவுக்குக் கிடைக்காது. ரேட்டுக்கும் முன் அனுமதி தேவையில்லை. நல்ல கம்பெனிகளும் அதில் உண்டு, 3 மில்லியனுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு ஃபேர் பிளான் போதாது என்பதால் நானே சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 30 டாலர் மிச்சம் என்பதற்காக மட்டும் போக வேண்டாம். கம்பெனியின் நிதித் தரத்தைப் பார்த்து, பாலிசியின் விலக்குப் பக்கத்தை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை | ஞாயிறு, மாலை 3:30

31 டாலரைக் கட்டிவிட்டேன். கூடவே கமிஷனர் அலுவலகத்துக்கும் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதினேன். கட்டாய உறுப்பினர் முறை இருக்கட்டும், ஆனால் அசெஸ்மென்ட்டை டெக்சஸ் மாதிரிக் கம்பெனியே சுமக்க வேண்டும், நடத்தும் குழுவில் பாலிசிதாரருக்கு ஓட்டு வேண்டும் என்று. யாருக்காவது நகல் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

மலைச்சாரல் அம்மா, ஃபேர் பிளானிலிருந்து வெளியே வர வழி ஏதாவது இருக்கிறதா?

மலைச்சாரல் | ஞாயிறு, மாலை 6:05

முயற்சி செய்கிறோம் அண்ணா. அட்டிக் வென்ட் (கூரைக்கடியிலுள்ள காற்றுத் துவாரம்) எல்லாவற்றுக்கும் எட்டில் ஓர் அங்குலக் கம்பிவலை போட்டாயிற்று, தீப்பொறி உள்ளே போகாமல் இருக்க. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் செடி, மரத்தூள், மரவேலி எதுவும் இருக்கக் கூடாது என்பதால் சமையலறை ஜன்னலோரம் பந்தலிட்டிருந்த மல்லிகையைப் போன மாதம் எடுத்துவிட்டேன். ஏழு வருடக் கொடி. வேரோடு தோண்டித் தொட்டியில் வைத்து, கராஜுக்கு அந்தப் பக்கம் கருங்கல் தரையில் நிறுத்தியிருக்கிறேன். இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது, தண்டு பச்சையாகத்தான் இருக்கிறது. அந்த ஐந்தடியில் இப்போது ஜல்லி கொட்டியிருக்கிறோம்.

ஒரு கம்பெனி எங்கள் பகுதியில் மறுபடி எழுதத் தொடங்கியிருப்பதாக ஏஜென்ட் சொன்னார். புதன்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.